வீட்டுப் பக்கத்துக் காட்டுயிர்ப் படம்: எங்கெல்லாம் சறுக்குகிறோம்

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குக் கேமராவோடு வரும் பலரும் முதலில் தேடுவது, பின்னால் கட்டடம் தெரியாத கோணத்தைத்தான். பூநாரை வேண்டும், கோரைப்புல் வேண்டும். பெருங்குடிக் குப்பைக்கிடங்கும் சதுப்பைக் கிழித்துக்கொண்டு போகும் துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலையும் மட்டும் வேண்டாம். "அழிந்துவரும் சதுப்பு நிலம்" என்று பின்னணிக் குரல் உருகும். திரையிலோ ஒரு குறையும் தெரியாது. உள்ளூர் இயற்கையைப் படமெடுப்பவர்கள் செய்யும் பெரிய தவறு என்று நான் சொல்வது இதைத்தான். ஆப்பிரிக்கா போய் எடுப்பவருக்குக் கிடைக்காதது நமக்குக் கிடைக்கிறது: பறவையும் குப்பை லாரியும் ஒரே சட்டகத்தில். அதை ஏன் வெட்டி எறிய வேண்டும்?

ஒலியிலும் இதே கதைதான். வண்டி இரைச்சலை நீக்கிவிட்டு எங்கோ பதிவான குருவிச் சத்தத்தையும் புல்லாங்குழலையும் சேர்க்கிறார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவேதான் அந்தப் பறவை தன் இணையைக் கூப்பிடுகிறது. அதை அப்படியே விடுங்கள்.

வலசைப் பறவைகள் வரும் குளிர்காலத்தில் மட்டும் எட்டிப் பார்ப்பதும் தவறு. 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த இந்தச் சதுப்பு வெறும் பறவைத் திடல் இல்லை. தென்சென்னை ஏரிகளின் உபரி நீர் இங்கே சேர்ந்து, ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கோவளத்தில் கடலுக்குப் போகிறது. மழையில் சதுப்பை ஒட்டிய வேளச்சேரித் தெருக்களில் தேங்கும் தண்ணீரும் உங்கள் படத்துக்குரிய காட்சிதான். ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில், மாதாமாதம் எடுத்து வையுங்கள். நீர் ஏறுவதும் வற்றுவதும் கரையில் மண் கொட்டி மேடாக்குவதும் யாரும் விளக்காமலே புரியும்.

அப்புறம் கூடு. ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல் கத்திக்கொண்டு சுற்றினால், அது உங்களைத் துரத்துகிறது என்று பொருள். தரையில்தான் முட்டை இருக்கும். நல்ல காட்சி என்று அங்கேயே நின்றால், அது திரும்பி வரும்வரை முட்டை வெயிலில் காயும், காக்கையும் பார்த்துக்கொண்டிருக்கும். நீளவால் இலைக்கோழியில் அடைகாப்பது ஆண். அதையும் கிளப்பிவிட்டால் முட்டைக்கு வேறு துணை இல்லை. கைப்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம்.

கடற்கரையில் பங்குனி ஆமை முட்டையிட வரும் மாதங்களில் டார்ச், ஃப்ளாஷ் எதுவும் கூடாது. வெளிச்சம் பட்டால் தாய் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடலாம். குஞ்சுகள் வெளிச்சமான பக்கமாக நகரும். கடலை விட்டுத் தெருவிளக்கை நோக்கிப் போவது அதனால்தான். அந்தத் தெருவிளக்கைப் படமெடுங்கள், அதுதான் விஷயம்.

ட்ரோனா? சென்னையில் விமான நிலையமும் விமானப்படைத் தளமும் இருக்கின்றன. ட்ரோன் எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் பெட்டியையே திறக்காதீர்கள். அனுமதி கிடைத்தாலும் பறவைக் கூட்டத்துக்கு மேலே ஓட்ட வேண்டாம்; எழும்பிப் பறப்பது அழகாகத் தெரியும், ஆனால் அது பயம். சரணாலயத்துக்குள் எடுக்க வனத்துறை அனுமதியும் தேவை.

கடைசியாக ஒன்று. நட்சத்திர ஆமை, தேவாங்கு போன்றவை கடத்தல்காரர்கள் தேடும் உயிர்கள். ஊர்ப் பெயரைச் சொல்லாமல் விட்டால் போதாது. பின்னால் தெரியும் கோயில் கோபுரமோ மலை முகடோ இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். கோப்பில் பதிந்திருக்கும் இடக்குறியையும் நீக்கிவிட்டுப் பதிவேற்றுங்கள்.