ருமேனியச் சிற்றூர் கால்பந்து கிளப் ஒன்றின் வரலாற்றை எழுதுவது எப்படி

முதலில் செய்ய வேண்டியது, கிளப் எந்தெந்த ஆண்டில் எந்தப் பெயரில் ஆடியது என்று ஒரு பட்டியல் போடுவது. இதை முடிக்காமல் ஆட்ட முடிவுகளைத் தேடினால், பாதி வரலாறு கையில் சிக்காது. சிக்கியதிலும் வேறு கிளப்பின் கணக்கு கலந்துவிடும். அராட் நகரின் ஊத்தா கிளப்பைப் பாருங்கள். 1945-இல் நெசவாலை அணியாக ஈத்தா என்ற பெயரில் தொடங்கியது. 1950-இல் ஃப்ளமூரா ரோஷியே ஆனது, 1958-இல் ஊத்தா ஆனது. ஆறு முறை நாட்டின் சாம்பியனான கிளப்புக்கே இந்த நிலை என்றால், மூன்றாம் பிரிவில் ஆடிய ஊர் அணிக்கு ஏழெட்டுப் பெயர்கள் இருப்பது சாதாரணம்.

1950-களில் பெயர்கள் தொழிற்சங்க வாரியாக வந்தன. மெடாலுல் என்றால் உலோகத் தொழிலாளர், மினெருல் என்றால் சுரங்கம், லோகோமோட்டிவா என்றால் ரயில்வே, ஷ்டீயின்ட்சா என்றால் மாணவர் அணி. அதே பெயரில் நாடெங்கும் பல அணிகள் இருந்ததால், குறிப்பேட்டில் ஊர்ப் பெயர் இல்லாமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள். ஊர்ப் பெயரும் மாறும் என்பது அடுத்த சிக்கல். பிராஷோவ் 1950 முதல் 1960 வரை 'ஸ்டாலின் நகரம்'. அந்தப் பத்தாண்டுச் செய்தித்தாள்களில் பிராஷோவ் என்று தேடினால் உள்ளூர் அணி காணாமல் போனதுபோலத் தோன்றும்.

எழுத்துக்கூட்டலும் கவனிக்க வேண்டியது. 1953 சீர்திருத்தத்தில், கூரைக்குறி இட்ட 'அ'வுக்குப் (â) பதிலாகக் கூரைக்குறி இட்ட 'இ' (î) வந்தது. பழைய வழக்கம் 1993-இல்தான் திரும்பியது. ஆகவே தர்கு முரெஷ், ரம்னிக்கு வல்ச்சா போன்ற பெயர்களை இரண்டு எழுத்துகளிலும் தேடுங்கள். ஸ்கேன் செய்த பழைய தாள்களில் கணினி இந்தக் குறிகளை அடிக்கடி தவறாகப் படிக்கும். குறியே இல்லாமல் மூன்றாவது முறையும் தேடிப் பார்ப்பது நல்லது.

திரான்சில்வேனியா கிளப் என்றால் ஹங்கேரிய மொழிப் பெயர்களும் வேண்டும். 1918 வரை அந்தப் பகுதி ஹங்கேரியின் கீழ் இருந்தது. வட திரான்சில்வேனியா 1940 முதல் 1944 வரை மறுபடியும் அதன் கையில். ஒராடியா கிளப் 1943-44 பருவத்தில் ஹங்கேரி சாம்பியன், 1948-49 பருவத்தில் ருமேனிய சாம்பியன். ஆட்டக்காரர்களுக்கும் இரட்டைப் பெயர்: ருமேனியப் பதிவுகளின் யூலியு போடோலாவும் ஹங்கேரியப் பதிவுகளின் போடோலா ஜூலாவும் ஒரே ஆள். இதைக் கவனிக்காமல் கோல் கணக்கு எழுதினால் ஒருவரின் கணக்கு இரண்டு பேருக்குப் பிரிந்துவிடும்.

பருவங்களை எழுதும்போது 1950 முதல் 1956 வரை தனியாக வையுங்கள். அந்த ஏழு ஆண்டுகளில் லீக் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிந்தது. '1953-54' என்று எழுதினால் நடக்காத ஒரு பருவத்தை உண்டாக்கிவிடுவீர்கள். முதல் உலகப்போருக்கு முந்தைய பழைய ராஜ்யத்துக் (திரான்சில்வேனியா சேர்வதற்கு முந்தைய ருமேனியா) கிளப்களில் தேதியே பிசகும்: ஜூலியன் நாட்காட்டியில் இருந்து கிரெகோரியனுக்கு மாறியதால், 1919-இல் மார்ச் 31-க்கு மறுநாள் ஏப்ரல் 14. அதற்கு முந்தைய தேதி எந்த நாட்காட்டியில் உள்ளது என்று பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.

ஆதாரங்களில் முதலில் கை வைக்க வேண்டியது தேசிய விளையாட்டு நாளிதழ், கம்யூனிஸ்ட் காலத்து 'ஸ்போர்துல் பொபுலர்', பின்னர் 'ஸ்போர்துல்'. இதன் பழைய இதழ்களைத் தேவா நகரில் உள்ள மாவட்ட நூலகம் இணையத்தில் ஏற்றியிருக்கிறது. கீழ்ப் பிரிவு ஆட்டங்களுக்கு அதில் பெரும்பாலும் கோல் எண்ணிக்கை மட்டுமே இருக்கும். கோல் அடித்தவர், அணிப் பட்டியல், பார்வையாளர் எண்ணிக்கை வேண்டுமென்றால் உள்ளூர் நாளிதழுக்குப் போக வேண்டும்: ஒராடியாவுக்கு 'கிரிஷானா', பிராஷோவுக்கு 'ட்ரூம் நோவ்', அராடுக்கு 'ஃப்ளகரா ரோஷியே'. கடைசியாகச் சொன்னது நாளிதழ். ஃப்ளமூரா ரோஷியே என்பது கிளப். குறிப்பெடுக்கும் அவசரத்தில் இவை இரண்டும் எளிதாக இடம் மாறிவிடும்.

தொடங்கிய ஆண்டை நினைவு மலரில் இருந்து எடுக்காதீர்கள். 1924-க்குப் பிறகு நீதிமன்றத்தில் பதிவான சங்கம் என்றால் அதன் கோப்பைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் மாவட்டக் கிளையில் கேளுங்கள். 1950-68 காலத்தில் மாவட்டங்களுக்குப் பதில் பெரிய 'ரெஜியூனே'கள் (பிராந்தியங்கள்) இருந்தன. அப்போதைய உள்ளூர்ப் போட்டிப் பதிவுகளும் அந்தப் பெயரில்தான் கிடைக்கும்.

புள்ளிப் பட்டியல் கிடைத்தவுடன் கூட்டிச் சரிபாருங்கள். 14 அணிகள் இருமுறை மோதினால் 182 ஆட்டம். வெற்றிக்கு 2 புள்ளி இருந்த காலத்தில் மொத்தம் 364 புள்ளி வர வேண்டும். மொத்த வெற்றியும் மொத்தத் தோல்வியும் சமம். அடித்த கோலும் வாங்கிய கோலும் சமம். புள்ளி மட்டும் குறைந்தால் அநேகமாகத் தண்டனைக் கழிவு. உங்கள் ஆட்டவாரிக் கூட்டலும் அச்சான பட்டியலும் ஒத்துப்போகவில்லை என்றால், கால்பந்துக் கூட்டமைப்பு 3-0 என்று தீர்ப்பளித்த ஆட்டம் ஒன்று இருக்கும்: செய்தித்தாளில் மைதானத்து முடிவு, பட்டியலில் தீர்ப்பு. இரண்டையும் எழுதுங்கள்.

கலைந்து மீண்ட கிளப்பை ஒரே கோடாக இழுப்பது பெருந்தவறு. டிமிஷோவாராவின் ரிபென்சியா 1948-இல் கலைந்தது, அதே பெயரில் 2012-இல் புதிதாக அமைந்தது. இடையில் 64 ஆண்டுகள் வெற்றிடம். பழைய பட்டங்களைப் புதிய சங்கத்தின் கணக்கில் சேர்ப்பதா என்பது ரசிகர்களின் உணர்வு சார்ந்த கேள்வி. எழுதுகிறவர் இரண்டு தொடக்கத் தேதிகளையும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும்.

லீக் நிலவரத்தில் ஒன்றுமில்லாத ஆண்டுகளைச் சுருக்கிவிட்டு, கோப்பை ஆட்டங்களுக்குத் தாராளமாக இடம் கொடுங்கள். சிறிய ஊரின் பெருமை பெரும்பாலும் அங்கேதான். டூர்டா நகரின் அரியெஷுல் 1961-இல் இரண்டாம் பிரிவில் இருந்தபடியே இறுதியாட்டத்தில் ராபிட் புக்கரெஸ்டை 2-1 என்று வென்றது. அந்தக் காலத்தில் கோப்பையின் பெயர் 'குபா ஆர்.பி.ஆர்.' (ருமேனிய மக்கள் குடியரசுக் கோப்பை). 'ருமேனியக் கோப்பை' என்று தேடினால் அந்த ஆட்டத்தின் செய்தி கிடைக்காது.