கடையைத் திறக்குமுன் கடன் கொப்பியைத் திறவுங்கள்

கொரோனாப் பரவலைத் தடுக்க இலங்கையில் 2021 ஓகஸ்ட் 20ஆம் திகதி இரவு 10 மணிக்குத் தொடங்கிய தனிமைப்படுத்தல் ஊரடங்கு, ஒக்டோபர் 1ஆம் திகதி அதிகாலை 4 மணியுடன் நீங்கியது. அன்று காலையே வடக்கின் வன்னிப் பகுதியில், கிளிநொச்சியிலும் மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் பல கடைகள் கூட்டித் துடைக்கப்பட்டுத் திறந்தன. அனுமதி கிடைத்த நாளே திறக்க வேண்டிய நாள் என்ற எண்ணம் அதற்குள் இருந்தது. யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ9 நெடுஞ்சாலையோரத்துச் சிறு கடைகள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில், அந்த எண்ணத்தைச் சற்று நிறுத்திவைத்து, திறப்பதா, எப்படித் திறப்பது, எவ்வளவு திறப்பது என்பதை எவ்வாறு முடிவு செய்யலாம் என்று, அந்த 2021 ஒக்டோபர் நிலவரத்தை வைத்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வாடிக்கையாளர் எங்கிருந்து வருகிறார் என்று பாருங்கள். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் கச்சான் விற்பவரும், மாங்குளம் சந்தியில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவரும் நெடுந்தூர வாகனங்களை நம்பியவர்கள். 2021 ஒக்டோபரில் மாகாணங்களுக்கு இடையிலான பயணத் தடை நீக்கப்படாதிருந்ததால், தெற்கிலிருந்து வரும் பயணி இல்லை; இரவு 11 மணிக்குப் பின்னர் நடமாட்டக் கட்டுப்பாடும் இருந்ததால் இரவுச் சாப்பாட்டு வியாபாரமும் இல்லை. இவர்கள் அந்த நிலையில் முழு அளவில் திறந்தால் வறுத்த கச்சானும் குழைத்த மாவும் மிஞ்சும். உள்ளூர்ச் சனத்தை நம்பிய பலசரக்குக் கடை, சைக்கிள் திருத்துமிடம், அரைக்கும் ஆலை ஆகியவற்றின் நிலை வேறு. தையற்கடைக்காரர், பாடசாலைகள் முழுமையாகத் திறக்கும் வரை சீருடைத் துணியில் காசைப் போட வேண்டாம்.

அடுத்தது கணக்கு. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, விற்றாலும் விற்காவிட்டாலும் மாதந்தோறும் கட்டியே ஆகவேண்டியவற்றை எழுதுங்கள். உதாரணத்துக்கு ஒரு பலசரக்குக் கடையை எடுத்துக்கொள்வோம்: வாடகை 15,000 ரூபாய், மின்சாரம் 5,000, முச்சக்கரவண்டி லீசிங் 18,000, உதவியாளர் சம்பளம் 30,000, ஆக 68,000 ரூபாய். நூறு ரூபாய்க்கு விற்றால் சராசரியாகப் 12 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்தால், இந்தச் செலவை மட்டும் அடைக்க மாதம் ஏறத்தாழ 5,67,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். 26 நாள் திறந்தால் நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 21,800 ரூபாய். வழக்கமாக 25,000 ரூபாய்க்கு விற்ற கடையில் இப்போது அரைவாசிதான் விற்கும் என்றால், அதாவது 12,500 ரூபாய் என்றால், மாதம் 39,000 ரூபாய்தான் மிஞ்சும். 29,000 ரூபாய் கையைக் கடிக்கும். உதவியாளரை அரைநாள் வேலைக்கு வைத்து அவருக்கு 15,000 ரூபாய் கொடுத்தால், நாளொன்றுக்கு 17,000 ரூபாய் விற்பனை போதும். குடும்பத்தவர் மட்டும் நின்று பார்த்தால் ஏறத்தாழ 12,200 ரூபாய் போதும். வீட்டுச் செலவு இவை எதற்குள்ளும் சேரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பலர் இந்த இடத்தில் கணக்கை நிறுத்திவிட்டு, 12,500 வந்தால் தப்பலாம் என்று கதவைத் திறக்கிறார்கள். வன்னியில் அந்தக் கணக்கு பாதிதான், ஏனெனில் விற்ற எல்லாமே காசாக வருவதில்லை. அந்த 12,500 ரூபாயில் 5,000 ரூபாய்ப் பொருள் கடன் கொப்பியில் ஏறினால் பெட்டிக்குள் விழுவது 7,500 ரூபாய். ஆனால் விற்ற சாமானை மீண்டும் தட்டில் வைக்க 11,000 ரூபாய் வேண்டும். ஒவ்வொரு நாளும் 3,500 ரூபாய் துண்டு விழுகிறது. 26 நாளில் அது 91,000 ரூபாயாகிறது. கணக்கின்படி இலாபத்தோடு ஓடுகின்ற கடை மாத முடிவில் வெறுந்தட்டோடு நிற்பது இப்படித்தான். அரைவாசி வியாபாரத்தில் இருக்கும் கடையில், பழைய கடனில் ஒரு ரூபாய் திரும்பி வந்தால் மட்டுமே புதிதாக ஒரு ரூபாய் கடன் கொடுக்க இடமுண்டு. 2020 மே மாதம், மொத்த வியாபாரி ஒருவர் பின்திகதிக் காசோலைக்குச் சாமான் தருகிறார் என்றதும், நானே எங்கள் குடும்பக் கடையை நிரப்பி, அதை அயலுக்குக் கடனாகக் கொடுத்து, காசோலைத் திகதி வந்தபோது நகையை அடகுக்குக் கொண்டுபோனேன். கணக்கு எழுதுபவனுக்கே அது நடந்தது.

ஆகவே கதவைத் திறக்குமுன் ஒரு மாலைப்பொழுதைக் கடன் கொப்பிக்கு ஒதுக்குங்கள். பெயர்களை, அவர்கள் கையில் காசு வரும் காலத்தின்படி பிரியுங்கள். ஆசிரியர்கள், அரச உத்தியோகத்தர்கள், ஓய்வூதியம் பெறுபவர்கள் ஆகியோருக்கு ஊரடங்கிலும் மாதச் சம்பளம் நின்றுபோகவில்லை. அவர்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும். மரியாதையானவர்கள் என்பதற்காக அவர்களிடம் கேட்கக் கூச்சப்பட்டு, கூலிவேலைக்காரரை நெருக்குவது எங்கள் கடைகளில் வழக்கமாக நடக்கும் பிழை. மேசன் வேலைக்கும் நாட்கூலிக்கும் போகிறவர்களின் பழைய கடனை இப்போதைக்கு ஒரு பக்கம் எழுதி வைத்துவிட்டு, அவர்கள் அன்றாடம் வாங்கக்கூடிய அளவில் சீனி 250 கிராம், பருப்பு 100 கிராம் என்று காசுக்கு விற்க ஆயத்தமாகுங்கள். முல்லைத்தீவுக் கரையோரக் குடும்பங்களுக்கு நவம்பர், டிசெம்பரில் வாடைக்காற்றும் கடல் கொந்தளிப்பும் தொழிலைக் குறைக்கும் என்பதால், அங்கே கடன் பெருகவிடுவதற்கு இது ஏற்ற காலமன்று.

விவசாயியின் கணக்குத்தான் கடினமானது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகிய குளங்களின் கீழும் மானாவாரியிலும் காலபோக (மாரிமழைப் பருவ) நெல் விதைப்புத் தொடங்குகிற நேரம் இது. செலவு இப்போது, வரவு ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரையான அறுவடையில். ஒவ்வோர் ஆண்டும் கடைக்காரர் இந்த நான்கு மாதத்தைக் கொப்பியில் சுமந்து, நெல் விற்றதும் வாங்கிக்கொள்வார். இம்முறை, 2021 மே மாதத்தில் வந்த இரசாயனப் பசளை இறக்குமதித் தடை காரணமாக, எத்தனை மூடை விளையும் என்று விவசாயியாலேயே சொல்ல முடியவில்லை. கடனை அடியோடு நிறுத்துவது ஊரில் இருந்துகொண்டு செய்யக்கூடியதன்று. ஆனால் ஒரு குடும்பத்துக்கு மாதம் இவ்வளவு என்று உச்ச அளவை அவர் முன்னிலையிலேயே எழுதி, மாதக் கடைசியில் இருவரும் தொகையைப் பார்த்துக் கையொப்பமிடுங்கள். சென்ற ஆண்டு விளைச்சலை வைத்து அந்த அளவைத் தீர்மானிக்காமல், அதில் அரைவாசியை வைத்துத் தீர்மானிப்பது நல்லது.

போர் முடிந்து மீள்குடியேறிய காலத்தில், 2010 அளவில், தறப்பாளின் கீழ் கடை போட்டவர்கள் “அப்போதே எழும்பினோம், இப்போது எழும்ப மாட்டோமா” என்கிறார்கள். அப்போது ஊருக்குச் சனம் திரும்பிக்கொண்டிருந்தது. கட்டுமான வேலையும் உதவித் தொகையும் வந்துகொண்டிருந்தன. இப்போது சனம் இருக்கிறது, அதன் கையில் காசு இல்லை. இரண்டையும் ஒரே கணக்கில் போட முடியாது.

கடன் கொடுத்தவர்களிடமும் பேச வேண்டும். மத்திய வங்கி 2020 மார்ச் தொடக்கம் கட்டங்கட்டமாக அறிவித்த தவணைச் சலுகை, அதன் மேற்பார்வையில் உள்ள வங்கிகளுக்கும் நிதி, லீசிங் கம்பனிகளுக்கும் உரியதாக இருந்தது. இத்தகைய சலுகை தானாக வரும் என்று இருந்துவிடாமல் எழுத்தில் விண்ணப்பித்து, கிடைத்த கடிதத்தின் பிரதியை வைத்திருங்கள். சலுகைக் காலத்துக்கும் வட்டி ஏறும் என்பதால், கட்டக்கூடியவர் கட்டிவிடுவதே மலிவு. கடை திறப்பதற்கென்று கிழமைக்குக் கிழமை தவணை கட்டும் கட்டுக்காசுக் கடன் எடுப்பதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கடையின் வரவு அறுவடையைப் பார்த்திருக்கும்போது, கட்டுக்காசு அடுத்த திங்கட்கிழமையே வாசலில் நிற்கும். வாடகைக்கு வீட்டுக்காரரிடம் நேரில் சென்று, மூன்று மாதத்துக்கு அரை வாடகை, மிகுதி ஏப்ரலில் என்பது போன்ற திட்டமான வேண்டுகோளை வையுங்கள். உதவியாளரின் விடயத்தில், 2020இல் தொழில் அமைச்சும் முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் இணங்கிய அளவு ஒன்று இருந்தது: வேலைக்கு அழைக்க முடியாத காலத்துக்கு அடிப்படைச் சம்பளத்தின் அரைவாசி அல்லது 14,500 ரூபாய், இவற்றில் எது கூடியதோ அது. சிறு கடைக்காரர் பேச்சைத் தொடங்குவதற்கு அது நியாயமான இடம்.

சுகாதார ஏற்பாடு செலவு குறைந்தது, ஆனால் தவறினால் கடையையே மூடவைக்கும். 2020 ஒக்டோபரில், 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் சட்டத்தின் கீழ் வெளியான ஒழுங்குவிதிகளின்படி அக்காலத்தில் முகக்கவசமும் ஒரு மீற்றர் இடைவெளியும் கட்டாயமாக இருந்தன. மீறினால் 10,000 ரூபாய் வரை தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க இடமிருந்தது. வாசலில் சவர்க்காரமும் தண்ணீரும் வைத்து, வருபவரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் பதியுங்கள். 5 வீதச் செறிவுள்ள வெளிற்றும் திரவம் (பிளீச்) என்றால், ஒரு லீற்றர் தண்ணீருக்கு 20 மில்லிலீற்றர் கலந்து மேசையையும் கதவுப் பிடியையும் துடைக்கலாம். அதனுடன் வேறு சுத்திகரிப்புத் திரவம் எதையும் கலக்கக் கூடாது. சலூன்காரர்கள் தொலைபேசியில் நேரம் கொடுத்து ஒவ்வொருவராக அழைப்பது நல்லது. கடைக்குப் பின்னால் ஆறு கிழமையாக மழைநீர் தேங்கிய போத்தல்களையும் சிரட்டைகளையும் மறந்துவிட வேண்டாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கொரோனாவுக்காக வந்து நுளம்புக் குடம்பிக்குத் தண்டம் எழுதிய கதைகள் உண்டு.

சாமான் எடுப்பதில் முதல் இரண்டு கிழமைக்கு அரிசி, மா, பருப்பு, தேங்காய் எண்ணெய், சவர்க்காரம் போன்ற வேகமாக ஓடும் பொருட்களோடு நில்லுங்கள். 2021 செப்டெம்பர் இறுதியில் அரிசியின் கட்டுப்பாட்டு விலை நீக்கப்பட்ட பின்னர் விலை நாளுக்கு நாள் மாறியது. நேற்று வாங்கிய விலையில் இன்று விற்றால், அதே மூடையைத் திரும்ப வாங்கக் காசு போதாது. பழைய இருப்பில் வண்டு பிடித்த மாவையும் காலாவதியான பால்மாவையும் தயங்காமல் ஒதுக்குங்கள்.

திறந்த பின்னர் ஒவ்வொரு வெள்ளி மாலையும் மூன்று எண்களை மட்டும் எழுதுங்கள்: அந்தக் கிழமை கைக்கு வந்த காசு, சாமானுக்குப் போன காசு, கொப்பியில் கூடிய கடன். நான்கு வெள்ளிக்கிழமைகளிலும் கடன் கூடிக்கொண்டே போய்க் கைக்காசு குறைந்துகொண்டே வந்தால், கிழமையில் மூன்று நாள் மட்டும் திறப்பது, அல்லது அறுவடை வரை மூடி வைப்பது என்ற முடிவை நவம்பருக்குள் எடுங்கள். பிரதேச சபையின் வியாபார அனுமதிப்பத்திரம் டிசெம்பர் 31உடன் முடிவடைவதால், 2022ஆம் ஆண்டுக்கான கட்டணத்தைச் செலுத்துமுன்பே அதைத் தீர்மானித்துவிடலாம்.