பட்டினியால் துவண்ட ஆந்தைக் குஞ்சை மீட்பது எப்படி?

தரையில் உட்கார்ந்திருக்கும் ஆந்தைக் குஞ்செல்லாம் பட்டினியில் இல்லை. பல வகைக் குஞ்சுகள் பறக்கத் தெரிவதற்கு முன்பே கூட்டைவிட்டு இறங்கிவிடும். பெற்றோர் தேடிவந்து இரை கொடுக்கும். உங்களைப் பார்த்ததும் சிலிர்த்து, அலகைச் சொடுக்கி மிரட்டினால் அங்கேயே விட்டுவிடுங்கள். நாய், பூனை பயம் இருந்தால் பக்கத்துக் கிளையில் ஏற்றிவிடலாம்.

கண் பாதி மூடி, தொட்டாலும் எதிர்க்காமல் கிடந்தால் நெஞ்சின் நடுவே விரலால் தடவுங்கள். இருபுறமும் சதை வற்றி, நெஞ்செலும்பு கத்தி முனைபோல விரலில் தட்டுப்பட்டால் நீண்ட பட்டினி.

முதலில் சூடு. துண்டால் போர்த்தித் தூக்குங்கள். அலகைவிடக் கால் நகங்கள்தான் ஆபத்து. காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், ஒரு பக்கம் மட்டும் துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை வையுங்கள். சூடு அதிகமானால் குஞ்சு நகர இடம் வேண்டும். கம்பிக்கூண்டு வேண்டவே வேண்டாம், இறகு ஒடியும். உடனே வனவிலங்கு மீட்பு மையத்தை அழையுங்கள். பல நாடுகளில் அனுமதியில்லாமல் ஆந்தையை வைத்திருப்பது குற்றம்.

பாவம், பசிக்குமே என்று உடனே இறைச்சி ஊட்டாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். வற்றிய உடலுக்குள் திடீரென்று உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் சரிந்து, சாப்பிட்ட பிறகே குஞ்சு செத்துப்போகலாம். சூட்டுக்கு அடுத்தது நீர்ச்சத்து. அதை மருத்துவர் தோலுக்கடியிலோ குழாய் வழியாகவோ ஏற்றுவார். நீங்கள் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழாயின் வாசல் நாக்கின் அடிப்பகுதியில்தான் இருக்கிறது, தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும்.

அப்புறம்தான் சாப்பாடு. ஆந்தைக்குத் தீனிப்பை (விழுங்கிய இரையைச் சேர்த்துவைக்கும் தொண்டைப் பை) கிடையாது, அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. மையத்தில் முதலில் தோலும் எலும்பும் நீக்கிய எலி இறைச்சித் துணுக்குகளைத் தருவார்கள். பாலும் ரொட்டியும் ஆகாது. தெம்பு வந்ததும் முழு எலி. ரோமமும் எலும்பும் உருண்டையாகக் கக்கி வெளியே வந்தால் செரிமானம் சரியாகிவிட்டது என்று நம்பலாம்.

இந்த நாட்களில் கொஞ்சுவதும் பேசுவதும் கூடாது. மனிதனைத் தாயென்று பதிந்துகொண்ட குஞ்சு காட்டில் பிழைக்காது. முடிந்தால் அதே இனக் குஞ்சுகளோடு சேர்த்து வளர்ப்பார்கள்.

கடைசியாக, பெரிய பறப்புக்கூடத்தில் சத்தமில்லாமல் பறந்து, இருட்டில் தானே இரை பிடிக்க வேண்டும். அதில் தேறிய பிறகே, மழையில்லாத அந்திப்பொழுதில், முடிந்தவரை கிடைத்த இடத்துக்கு அருகிலேயே விடுவார்கள். அதன்பின் சில இரவுகள் அங்கே இரை வைப்பதும் நல்லது.