ஃபிளாட்டில் உடைப்பு வேலையா? மேஸ்திரிக்கு முன்னால் பைலாவைப் பாருங்கள்

சென்னையில் சொந்த ஃபிளாட்டில் பாத்ரூம் டைல்ஸ் மாற்றவோ கிச்சனைப் பெரிதாக்கவோ கிளம்புகிறவர்கள் முதலில் மேஸ்திரியைத்தான் தேடுகிறார்கள். அதற்கு முன்னால் கிரயப் பத்திரத்தையும் அசோசியேஷனின் விதித் தொகுப்பான பைலாவையும் எடுத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து படியுங்கள்.

பெயின்ட், வார்ட்ரோப், கிச்சன் மேடை, தரை டைல்ஸ் எல்லாம் உங்கள் விருப்பம். தூண், பீம், தளம், வெளிச்சுவர், குழாய் இறங்கும் டக்ட் இவையெல்லாம் உங்கள் கதவுக்கு உள்ளே தெரிந்தாலும் பொதுச்சொத்துதான். பால்கனியை அடைத்து ரூமாக்குவதற்கு அசோசியேஷன் தலையாட்டினாலும், அப்ரூவ்டு பிளானில் இல்லாதது இல்லாததுதான்.

சுவரை உடைக்கும் முன் அது என்ன சுவர் என்று தெரிந்துகொள்ளுங்கள். தூணும் பீமும் உள்ள கட்டடத்தில் 4½ இன்ச் செங்கல் சுவர் பெரும்பாலும் பாரம் தாங்குவதில்லை, ஆனால் பழைய கட்டடங்களில் 9 இன்ச் சுவரே மேல்தளத்தைச் சுமந்துகொண்டிருக்கலாம். அலுமினிய அச்சில் கான்கிரீட் ஊற்றும் மைவான் முறையில் கட்டியது என்றால் சுவரே கம்பி ஓடும் கான்கிரீட், ஏ.சி. பைப்புக்கு ஓட்டை போடக்கூட யோசிக்க வேண்டும். "பார்த்துக்கலாம் சார்" என்ற பேச்சை நம்பாமல் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் எழுதி வாங்குங்கள்.

பாத்ரூம்தான் சண்டையின் ஊற்று. பழைய டைல்ஸைக் கொத்தும்போது அடியில் இருக்கும் வாட்டர்ப்ரூஃபிங்கும் சேர்ந்து போய்விடும். எங்கள் வீட்டில் புதிதாகப் பூசியதும் வடிகாலைத் துணி வைத்து அடைத்து, தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்தோம். மறுநாள் காலை தண்ணீர் கோட்டுக்கு அரை இன்ச் கீழே இருந்தது, கீழ்வீட்டு அக்கா சீலிங்கில் உள்ளங்கை அளவு ஈரத்தைக் காட்டினார். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே தெரிந்ததால் மறுபடி பூசியதோடு முடிந்தது. அந்த ஒரு நாளைத் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

அப்புறம் அனுமதி. வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போட்டால் போதாது, என்ன வேலை, எத்தனை நாள், யார் ஆட்கள் என்று செக்ரட்டரிக்குக் கடிதமோ மெயிலோ அனுப்பி, பதிலையும் எழுத்தில் கேளுங்கள். வேலை நேரம், லிஃப்டில் சிமென்ட் மூட்டை ஏற்றுவது, இடிபாடு போடும் இடம் இதையெல்லாம் ஒழுங்குபடுத்த அசோசியேஷனுக்கு நியாயம் இருக்கிறது, அதற்குக் கட்டுப்படுங்கள். ஆனால் மேனேஜர் அசோசியேஷன் முடிவை நடைமுறைப்படுத்த வந்தவர், தானாக விதி போட வந்தவர் இல்லை. "கூடாது" என்றால் பைலாவில் எந்த விதி, எந்தக் கூட்டத்தின் தீர்மானம் என்று மரியாதையாகக் கேளுங்கள். டெபாசிட் கட்டச் சொன்னால் எப்போது, எதைப் பிடித்துக்கொண்டு திரும்பத் தருவார்கள் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

புது ஃபிளாட் என்றால் இன்னொன்று: ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 14(3)-ன்படி சாவி வாங்கிய 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்து நீங்கள் சொன்னால், பில்டர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். நீங்கள் கைவைத்த இடத்தில் குறை வந்தால் பழியை உங்கள் மேல் போடப் பார்ப்பார்கள், அதனால் உடைப்பதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள், கீழ்வீட்டு சீலிங்கையும் சேர்த்து.