'முதல்ல டிகிரி முடியட்டும்': வேலூர்ப் பக்கத்து மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இரண்டாம் வருடம் படிக்கும் பிள்ளைகளிடம் அடுத்து என்ன என்று கேட்டுப் பாருங்கள். "முதல்ல டிகிரி முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். மற்ற தவறுகள் பெரும்பாலும் இந்தப் பதிலிலிருந்துதான் கிளைக்கின்றன.

ஷிஃப்ட் முறையில் நடக்கும் கலைக் கல்லூரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பாதி நாள் கையில் இருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் எப்படிப் போடுகிறார்கள், டேலி என்ற கணக்கு மென்பொருளில் எப்படிக் கணக்கு ஏற்றுகிறார்கள் என்று பார்த்துப் பழகிய பி.காம் மாணவருக்கும், மூன்று வருடமும் செல்போனோடு கழித்தவருக்கும் மார்க் ஒன்றாகவே இருக்கலாம். இன்டர்வியூவில் உட்கார்ந்ததும் யார் யார் என்று தெரிந்துவிடும். சம்பளம் குறைவு என்று இந்த மாதிரி வேலையை வேண்டாம் என்பவர்கள் உண்டு. படிக்கும்போது சம்பளத்தைவிட அனுபவத்தைப் பார்ப்பதுதான் சரி.

அடுத்தது, பக்கத்தில் இருக்கும் வேலையைக் கண்ணெடுத்தும் பார்க்காதது. வேலை என்றால் ஒன்று சென்னை ஐடி, இல்லாவிட்டால் அரசு வேலை என்றே பலர் நினைக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல், ஷூ கம்பெனிகள் என்றதும் தொழிலாளி வேலை மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. வெளிநாட்டுக்குச் சரக்கு போக ஏற்றுமதி ஆவணம் தயாரிக்க ஆள் வேண்டும், வாங்குபவரோடு ஆங்கிலத்தில் மெயிலில் பேச மெர்ச்சண்டைசர் வேண்டும், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்துக்கு வேதியியல் படித்தவர் வேண்டும். வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வருவதால், சுற்றியுள்ள லாட்ஜ்காரர்களும் மருந்துக் கடைக்காரர்களும் இந்தியும் பெங்காலியும் பேசக் கற்றுக்கொண்டார்கள். யாரும் வகுப்புக்குப் போய்க் கற்கவில்லை. ஸ்போக்கன் இங்கிலீஷுக்குப் பணம் கட்டிவிட்டு வாயே திறக்காதவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

டிஎன்பிஎஸ்சி எழுதுபவர்களுக்கு இரண்டு விஷயம். குரூப் 4-ல் தமிழ்த் தகுதிப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். தாய்மொழிதானே என்று அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, பொது அறிவையே உருட்டிக்கொண்டிருப்பது வீண். இன்னொன்று, தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத முன்னுரிமை. பட்டம் மட்டும் தமிழ் வழியில் இருந்தால் போதாது, பள்ளிப் படிப்புக்கும் சான்றிதழ் வேண்டும். படித்த பள்ளிகளுக்கெல்லாம் போய் வாங்க நாளாகும். அறிவிப்பு வந்த பிறகு ஓடுவதைவிட, ஒரு லீவு நாள் பார்த்து ஆரம்பித்துவிடுங்கள்.

பெயர்க் குழப்பம் சின்ன விஷயம் போலத் தெரியும், கடைசி நேரத்தில் ஆளை அலைக்கழித்துவிடும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'கு. பிரியா', ஆதாரில் 'பிரியா குமார்', பான் கார்டில் இன்னொரு மாதிரி. வேலையில் சேரும்போது பின்னணி சரிபார்ப்பு, பிஎஃப் கணக்கு, வங்கிக் கணக்கு எல்லா இடத்திலும் இது இடிக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துவதுதான் சுலபம். ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், அதனால் எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துவிட்டுக் கொடுங்கள்.

ரெஸ்யூமே விஷயத்தில் ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரே மாதிரியை வகுப்பே எடுத்துப் போடுகிறது. 'கடின உழைப்பாளி' என்று எழுதி ஒரு பயனும் இல்லை, என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். 2022-ல் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திறன் மேம்பாட்டுத் திட்டப் பயிற்சிகளை வருகைப் பதிவுக்காக முடித்துவிட்டு, புராஜெக்டை நண்பரிடமிருந்து காப்பி அடிப்பவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். இன்டர்வியூவில் முதல் கேள்வியே அந்தப் புராஜெக்டைப் பற்றித்தான் வரும்.

அரியரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேம்பஸுக்கு வரும் பல கம்பெனிகள் அரியர் இருந்தால் உட்காரவே விட மாட்டார்கள்.

அப்ரென்டிஸ் பயிற்சியை ஐடிஐ பிள்ளைகளுக்கானது என்று ஒதுக்குவதும் தவறு. டிகிரி முடித்தவர்களும் சேரலாம், மாதம் உதவித்தொகையும் உண்டு. வேலை நிரந்தரமாகும் என்ற உத்தரவாதம் மட்டும் கிடையாது, அதைத் தெரிந்துகொண்டே சேருங்கள்.

இத்தனையையும் தள்ளிப்போட்டவர்களைத்தான், டிகிரி முடிந்து ஆறு மாதம் வீட்டில் இருந்த பிறகு, "கன்சல்டன்சியில பணம் கட்டினா வேலை நிச்சயம்" என்ற பேச்சு பிடித்துக்கொள்கிறது. நல்ல கம்பெனி எதுவும் வேலை கொடுக்க உங்களிடம் பணம் கேட்காது. அசல் சான்றிதழைக் கேட்டால் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், அசலைக் கையோடு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். பாண்ட் போட்டால் எத்தனை வருடம், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று வீட்டில் ஒருவரோடு உட்கார்ந்து படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.