ஹோம் தியேட்டருக்கு பவர் ஆம்ப்ளிஃபையர் தேர்ந்தெடுப்பது எப்படி? வாட்ஸுக்கு முன் ஸ்பீக்கரைப் பாருங்கள்

"எத்தனை வாட்ஸ் ஆம்ப் வாங்கலாம்?" ஹோம் தியேட்டர் வைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் உங்கள் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) எவ்வளவு, நீங்கள் உட்காரும் சோபா எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்ற இரண்டும் தெரிய வேண்டும். அவை தெரிந்துவிட்டால், பெரிய ஆம்புக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியை நல்ல ஸ்பீக்கருக்குத் திருப்பிவிடலாம் என்ற முடிவுக்கே பலரும் வருவார்கள். வரவேண்டும் என்பதே என் விருப்பமும்.

படி 1: தனி பவர் ஆம்ப் தேவையா?

பவர் ஆம்புக்கு ஒரே வேலைதான். உள்ளே வரும் சின்ன சிக்னலை ஸ்பீக்கரை ஆட்டும் அளவுக்குப் பெருக்கித் தரும். எச்டிஎம்ஐ வழியாகப் படத்தை வாங்குவது, டால்பி, டிடிஎஸ் ஒலியைச் சேனல் சேனலாகப் பிரிப்பது, வால்யூம் கூட்டுவது, குறைப்பது எல்லாம் ஏவி ரிசீவரின் பொறுப்பு. ஆகவே பவர் ஆம்பை மட்டும் வாங்கிவந்து டிவியில் சொருகினால் 5.1 (ஐந்து ஸ்பீக்கரும் கனமான ஒலிக்கான ஒரு சப்வூஃபரும் சேர்ந்தது) கிடைக்காது.

பெரும்பாலான ரிசீவர்களில் ஆம்பும் உள்ளேயே இருக்கும். தனி ஆம்ப் சேர்க்க வேண்டுமானால் ரிசீவரின் பின்பக்கம் ஒவ்வொரு சேனலுக்கும் 'ப்ரீ அவுட்' சாக்கெட் (பெருக்காத சிக்னலை வெளி ஆம்புக்குத் தருவது) இருக்கிறதா என்று பாருங்கள். உதாரணத்துக்கு, டெனான் ஏவிஆர்-எக்ஸ்1800எச் மாடலில் சப்வூஃபருக்கு மட்டும்தான் ப்ரீ அவுட் உண்டு. எக்ஸ்3800எச் மாடலில் 11 சேனலுக்கும் உண்டு. இதைப் பார்க்காமல் ரிசீவர் வாங்கிவிட்டால் பின்னால் ஆம்ப் சேர்க்க வழியில்லாமல் போகும்.

படி 2: உங்கள் ஹாலுக்கு எத்தனை வாட்ஸ் என்று கணக்குப் போடுங்கள்

இந்தப் படிதான் முக்கியம். ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கர் மேனுவலில் 'சென்சிட்டிவிட்டி 87 டெசிபெல், 2.83 வோல்ட், 1 மீட்டர்' என்று ஒரு வரி இருக்கும். ஓம்ஸ் என்பது மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையின் அளவு. 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது சரியாக 1 வாட். அதாவது 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 87 டெசிபெல் கேட்கும்.

நீங்கள் உட்காருவது 10 அடி, அதாவது ஏறத்தாழ 3 மீட்டர் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தூரத்துக்குச் சுமார் 9.5 டெசிபெல் குறையும். மூடிய அறையில் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியால் இதில் கொஞ்சம் மீண்டும் கிடைக்கும். அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் கையில் மிச்சம் இருக்கும், விட்டுவிடுங்கள். இப்போது 1 வாட்டுக்கு உங்கள் காதுக்கு வருவது 77.5 டெசிபெல்.

இனி இரண்டே விதிகள். வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் 3 டெசிபெல் கூடும். பத்து மடங்காக்கினால் 10 டெசிபெல் கூடும். ஆகவே 10 வாட்ஸுக்கு 87.5, 100 வாட்ஸுக்கு 97.5, 200 வாட்ஸுக்கு 100.5. கடைசி இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கூடுதலாக 100 வாட்ஸுக்குப் பணம் கொடுத்தும் கிடைத்தது 3 டெசிபெல்தான். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்றவே ஏறக்குறைய 10 டெசிபெல் கூட வேண்டும்.

சினிமா ஒலிக்கலவையின் ரெஃபரன்ஸ் அளவில், ஒரு சேனலின் உச்சம் 105 டெசிபெல். இந்த ஸ்பீக்கரில் அதைத் தொட 560 வாட்ஸ் வேண்டும். ஆனால் வீட்டில் அந்தச் சத்தத்தில் முழுப் படமும் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. 10 டெசிபெல் குறைத்து 95-ஐ உச்சமாக வைத்தால் 56 வாட்ஸ் போதும். அதுவும் வெடிச்சத்தம் வரும் அந்த நொடிக்கு மட்டும். வசனக் காட்சியில் ஆம்ப் ஒரு வாட்டைச் சுற்றியே வேலை செய்துகொண்டிருக்கும்.

அதே இடத்தில் 92 டெசிபெல் ஸ்பீக்கரை வைத்தால் 56 வாட்ஸ் வேலையை 18 வாட்ஸ் செய்துவிடும். ஸ்பீக்கரை முதலில் தேர்ந்தெடுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம்.

உங்கள் கணக்கில் வந்த எண்ணைப் போல ஒன்றரை மடங்கு உள்ள ஆம்பைப் பாருங்கள். இதற்கும் மேலே போகத் தேவையில்லை. குறைவாகவும் வாங்கவேண்டாம்: சக்தி போதாத ஆம்பை முழு வால்யூமில் வைத்தால் ஒலி அலையின் தலை வெட்டுப்படும், அதைத்தான் கிளிப்பிங் என்கிறார்கள். அதிலிருந்து வரும் கூடுதல் ஹை ஃப்ரீக்வென்ஸி ட்வீட்டரை (மெல்லிய, உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரை) சூடாக்கிக் கருக்கிவிடும்.

படி 3: ஓம்ஸைப் பாருங்கள்

4 ஓம்ஸ் ஸ்பீக்கர் அதே வோல்டேஜில் 8 ஓம்ஸை விட இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும். ஆம்பின் பின்பக்கம் 'குறைந்தபட்சம் 6 ஓம்ஸ்' என்று போட்டிருந்தால் அதில் 4 ஓம்ஸ் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். ஒரே சேனலில் இரண்டு 8 ஓம்ஸ் ஸ்பீக்கரைப் பேரலலில் கொடுத்தாலும் ஆம்புக்கு அது 4 ஓம்ஸ்தான்.

இன்னொன்று: 4 ஓம்ஸ் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது 2 வாட்ஸ். மேனுவலில் 90 டெசிபெல் என்று இருந்தால், 1 வாட்டுக்கு அது 87 மட்டுமே.

படி 4: பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸை எப்படிப் படிப்பது?

பிஎம்பிஓ (ஒரு கணத்து உச்ச சக்தி என்று சொல்லப்படுவது) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருக்கும் எண்ணை முழுவதுமாக ஒதுக்கிவிடுங்கள். அதற்குப் பொதுவான அளவுகோலே கிடையாது. '8 ஓம்ஸ், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, டிஎச்டி 0.08%, 2 சேனல் இயங்கும்போது' என்று முழுதாக எழுதியிருந்தால் அது நம்பத்தகுந்த எண். டிஎச்டி என்பது ஒலி எவ்வளவு சிதைகிறது என்ற அளவு. '6 ஓம்ஸ், 1 கிலோஹெர்ட்ஸ், டிஎச்டி 10%, 1 சேனல்' என்று இருந்தால் அதே ஆம்ப்தான், எண் மட்டும் பெரிதாகத் தெரியும். இரண்டு மாடலை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே நிபந்தனையில் சொல்லப்பட்டவையா என்று பாருங்கள்.

லோக்கல் அசெம்பிள் செட்டிலும் ஆன்லைன் போர்டிலும் இந்த விவரம் கிடைக்காது. அங்கே பவர் சப்ளையைப் பார்க்கவேண்டும். 12-0-12 வோல்ட் (மொத்தம் 24), 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் என்றால் 24 × 5 = 120. உள்ளே வருவதே 120 என்றால் ஆறு சேனலுக்குத் தலா 100 வாட்ஸ் தொடர்ந்து வெளியே வர வழியில்லை. கெப்பாசிட்டர்கள் ஒரு கணத்துக்குக் கைகொடுக்கும், அவ்வளவுதான்.

டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116 ஐசி உள்ள சின்ன போர்டுகளுக்கும் இதே கணக்கு. 4 ஓம்ஸ், 21 வோல்ட்டில் சேனலுக்கு 50 வாட்ஸ்; 8 ஓம்ஸ், 24 வோல்ட்டில் 30 வாட்ஸ். பழைய லேப்டாப்பின் 19 வோல்ட், 3.42 ஆம்பியர் அடாப்டரை மாட்டினால் மொத்தமே 65 வாட்ஸ்தான் உள்ளே போகும். சின்ன அறைக்கு அதுவும் நன்றாகவே பாடும்.

படி 5: கிளாஸ் ஏபி, கிளாஸ் டி

இவை ஆம்பின் சர்க்யூட் வகைகள். இதில் அதிகம் மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஏபி சூடாகும், எடை கூடுதல். டி வகை வாங்கும் மின்சாரத்தில் 90 சதவீதம் வரை ஸ்பீக்கருக்குத் தரும், சூடு குறைவு. மூடிய டிவி ஸ்டாண்டுக்குள் வைப்பதாக இருந்தால் டி எடுங்கள்.

படி 6: எத்தனை சேனல்?

படத்தின் வசனம் பெரும்பாலும் சென்டர் ஸ்பீக்கரில் வரும். சண்டையும் இசையும் முன்பக்க இரண்டில் அதிகம். பட்ஜெட் குறைவென்றால் 3 சேனல் ஆம்பை முன்பக்கத்துக்கு எடுத்துக்கொண்டு, சரவுண்ட் ஸ்பீக்கர்களை ரிசீவரிலேயே விடுங்கள். ரிசீவரின் பவர் சப்ளையும் மூச்சு விடும். ரிசீவர் செட்டிங்ஸில் ஸ்பீக்கர்களை 'ஸ்மால்' என்றும் கிராஸ்ஓவரை (எந்த அளவுக்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகவேண்டும் என்ற எல்லையை) 80 ஹெர்ட்ஸ் என்றும் வைத்தால் கனமான பேஸ் முழுவதும் சப்வூஃபருக்குப் போய், ஆம்பின் சுமை வெகுவாகக் குறையும்.

ஆம்பின் இன்புட் சென்சிட்டிவிட்டியும் ரிசீவரின் ப்ரீ அவுட் வோல்டேஜும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். 29 டெசிபெல் கெயின் (பெருக்கும் அளவு) உள்ள ஆம்ப் 1 வோல்ட் இன்புட்டிலேயே 8 ஓம்ஸில் சுமார் 100 வாட்ஸ் தரும். மேடைக்கான புரொஃபஷனல் ஆம்ப் விலைக்கு நிறைய வாட்ஸ் தரும் என்பது உண்மைதான். ஆனால் பலவற்றில் ஃபேன் சத்தம் மெதுவான காட்சிகளில் காதில் விழும். வாங்கும் முன் ஓடவிட்டுக் கேளுங்கள்.

படி 7: இணைப்பு

எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். 10 அடி, 20 அடிக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர் தாராளம். பிளஸ், மைனஸ் எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி இருக்கட்டும்; ஒன்று மாறினாலும் பேஸ் மெலிந்துவிடும். கிளாஸ் டி போர்டுகள் பலவற்றில் மைனஸ் முனையிலும் சிக்னல் இருக்கும். அவற்றை ஒன்றாகச் சேர்க்கவோ எர்த்தில் தொடவோ கூடாது, ஐசி போய்விடும்.

'ம்ம்ம்' என்று ஹம் வந்தால் எர்த் பின்னை வெட்டாதீர்கள், அது உயிருக்கே ஆபத்து. முதலில் செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். ஹம் நின்றால் கோளாறு அந்தக் கேபிளில். அங்கே ஒரு ஐசொலேட்டர் (எர்த் தொடர்பைத் துண்டித்து சிக்னலை மட்டும் விடுவது) போட்டால் போதும். ஆம்பின் மேல்பக்கம் நாலு அங்குலமாவது காலியாக விடுங்கள். ஆன் செய்யும்போது ரிசீவர் முதலில், ஆம்ப் பிறகு. ஆஃப் செய்யும்போது ஆம்ப் முதலில்.