அப்டேட்டுக்குப் பிறகு லேப்டாப் ஆன் ஆகவில்லையா? ஃபார்மேட் கடைசியில் இருக்கட்டும்

போன வாரம் இரவு ஒன்பதரை மணி. மாடி வீட்டுப் பெண் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்தபடி வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, விண்டோஸ் லெவன் போட்டேன். ரெண்டு நாள் நல்லாதான் ஓடுச்சு. இன்னைக்கு ரீஸ்டார்ட் கேட்டுச்சு, குடுத்தேன். அதுலேருந்து கறுப்பாவே நிக்குது."

கடைசி வருடம் படிக்கிறாள். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் முழுவதும் அதில்தான், வேறெங்கும் நகல் இல்லை. சாயங்காலமே ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறாள். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "ஃபார்மேட் பண்ணி புதுசா ஓ.எஸ். போடணும், டேட்டாவுக்கு கேரன்டி இல்ல" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கண் கலங்கித்தான் வந்திருந்தாள்.

இந்த நிலையில் இருக்கும் எல்லோருக்கும் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அப்கிரேட் கை வைப்பது விண்டோஸின் சொந்தக் கோப்புகளில். உங்கள் போட்டோ, ரிப்போர்ட், கணக்கு வழக்கு எல்லாம் வேறு ஃபோல்டரில் இருக்கின்றன. விண்டோஸ் எழுந்து வராததால் அவை அழிந்துவிட்டன என்று ஆகாது. அழிப்பது ஃபார்மேட்தான். அதனால் கீழே உள்ளதை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால் நிறையப் பேர் பழைய லேப்டாப்பிலேயே 11-க்கு மாறுகிறார்கள். இந்தப் பிரச்சினை இப்போது யாருக்கும் வரலாம்.

படி 1: எது நின்றிருக்கிறது என்று பாருங்கள்

பென் டிரைவ், பிரிண்டர் வயர், மவுஸ் எல்லாவற்றையும் கழற்றுங்கள். செருகியிருக்கும் பென் டிரைவிலிருந்தே ஆன் ஆகப் பார்த்து லேப்டாப் திணறுவதும் உண்டு.

பவர் பட்டனை அழுத்துங்கள். விளக்கே எரியவில்லையா? சார்ஜரையும் கழற்றிவிட்டுப் பவர் பட்டனை 30 விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பிறகு சார்ஜரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டி முயலுங்கள்.

விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஆனால் திரை மட்டும் கறுப்பு என்றால் கேப்ஸ் லாக் விசையைத் தட்டிப் பாருங்கள். அதன் விளக்கு மாறி மாறி எரிந்தால் உள்ளே கணினி பெரும்பாலும் விழித்துத்தான் இருக்கிறது. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி (B) நான்கையும் சேர்த்து ஒருமுறை அழுத்துங்கள். திரையை இயக்கும் மென்பொருளான டிஸ்ப்ளே டிரைவர் மறுபடி தொடங்கும், சில சமயம் அத்தோடு வேலை முடிந்துவிடும். எச்.டி.எம்.ஐ. வயரில் டிவியோடு இணைத்தும் பார்க்கலாம். டிவியில் படம் தெரிந்தால் சிக்கல் திரையோடு நிற்கிறது.

வட்டமாகப் புள்ளிகள் சுற்றிக்கொண்டிருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். எஸ்.எஸ்.டி. இல்லாத பழைய லேப்டாப்பில் அப்கிரேட் மணிக்கணக்கில் ஓடும், சதவீதம் ஒரே எண்ணில் வெகுநேரம் நிற்கும். டிஸ்க் விளக்கு மினுக்கும்வரை விடுங்கள். பேட்டரி தளர்ந்த லேப்டாப் என்றால், மாதாந்திரப் பராமரிப்புக்காக உங்கள் ஏரியாவில் காலை கரண்ட் நிறுத்தும் நாளில் அப்கிரேடைத் தொடவே தொடாதீர்கள். பாதியில் கரண்ட் போய் நின்ற லேப்டாப்புகளை நானே பார்த்திருக்கிறேன்.

படி 2: நீலத் திரையை வரவழையுங்கள்

விண்டோஸுக்குள்ளேயே பழுதுபார்க்கும் பகுதி ஒன்று இருக்கிறது. ஆன் செய்து, லோகோ வந்து புள்ளிகள் சுற்றத் தொடங்கியதும் பவர் பட்டனை 10 விநாடி அழுத்தி அணையுங்கள். இன்னொரு முறை அதேபோல. மூன்றாவது முறை அணைக்காமல் விடுங்கள். தானாகவே பழுதுபார்க்கத் தயாராகிறேன் என்று சொல்லி, கொஞ்ச நேரத்தில் நீலத் திரை வரும். அதில் ட்ரபிள்ஷூட், பிறகு அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். இனி எல்லா வேலையும் இந்தப் பக்கத்தில்தான்.

படி 3: 48 இலக்கச் சாவி

பல லேப்டாப்புகளில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பிட்லாக்கர் என்ற அந்தப் பூட்டைத் திறக்க ரெக்கவரி கீ, அதாவது சாவி எண் கேட்கும். பயப்பட வேண்டாம், லேப்டாப்பை முதன்முதலில் எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் திறந்தீர்களோ, பெரும்பாலும் அந்தக் கணக்கில் சாவி பத்திரமாக இருக்கும். போனில் மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்துக்குப் போய், டிவைஸஸ் பகுதியில் உங்கள் லேப்டாப்பைத் தேர்ந்தெடுத்தால் 48 இலக்க எண் கிடைக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட சாவி இருந்தால், திரையில் காட்டும் கீ ஐ.டி.யின் முதல் 8 எழுத்துகளோடு ஒப்பிடுங்கள்.

இங்கே நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. வாங்கும்போதே "நாங்களே செட் பண்ணித் தர்றோம்" என்று கடைக்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டிருப்பார், அல்லது அண்ணன் கணக்கில் திறந்திருப்பீர்கள். சாவி அங்கேதான் இருக்கும், கேட்டு வாங்க வேண்டியதுதான். கல்லூரிக் கணக்கு என்றால் கல்லூரியின் ஐ.டி. பிரிவைக் கேளுங்கள். மாடி வீட்டுப் பெண்ணின் சாவி அவள் அப்பாவின் கணக்கில் இருந்தது. எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். இந்த வேலை முடிவதற்குள் மறுபடியும் கேட்கும்.

படி 4: கோப்புகளை வெளியே எடுங்கள்

பழுதுபார்ப்பதற்கு முன்பே இதைச் செய்யச் சொல்கிறேன். கோப்பு கைக்கு வந்துவிட்டால் பிறகு என்ன நடந்தாலும் தூக்கம் வரும்.

பென் டிரைவை இப்போது செருகுங்கள். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்தால் கறுப்புப் பெட்டி வரும். அதில் நோட்பேட் என்பதை ஆங்கிலத்தில், இடைவெளி விடாமல் தட்டி என்டர் அழுத்துங்கள். ஆமாம், நாம் அன்றாடம் பார்க்கும் அதே நோட்பேட்தான். ஃபைல் மெனுவில் ஓப்பன் கொடுங்கள். கீழே டெக்ஸ்ட் டாக்குமென்ட்ஸ் என்று இருப்பதை ஆல் ஃபைல்ஸ் என்று மாற்றினால், அந்தச் சின்னப் பெட்டியே ஃபைல் எக்ஸ்ப்ளோரர்போல வேலை செய்யும்.

திஸ் பி.சி.க்குள் போங்கள். வழக்கமான சி டிரைவ் இங்கே டி என்றோ வேறு எழுத்திலோ வரலாம், குழம்ப வேண்டாம். யூசர்ஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறதோ அதுதான் உங்களுடையது. அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ். வேண்டிய ஃபோல்டர்மேல் ரைட் கிளிக் செய்து காப்பி, பென் டிரைவுக்குள் போய் பேஸ்ட்.

இரண்டு இடத்தில் எச்சரிக்கை. டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இன்னொரு டெஸ்க்டாப் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது, காப்பி ஓடும்போது எவ்வளவு முடிந்தது என்று எதுவும் காட்டாது. பெட்டி உறைந்து நிற்பதுபோல இருக்கும். பென் டிரைவின் விளக்கு மினுக்குகிறதா என்று பார்த்துக்கொண்டு காத்திருங்கள். பெரிய ஃபோல்டரை ஒரேயடியாக எடுக்காமல் பிரித்துப் பிரித்து எடுப்பது நல்லது.

அன்று இரவு அந்த ரிப்போர்ட் ஃபோல்டர் பென் டிரைவில் தெரிந்ததும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் காபி குடித்தோம்.

படி 5: இப்போது பழுதுபாருங்கள்

ஸ்டார்ட்அப் ரிப்பேர் முதலில். அது தானாகவே தேடிப் பார்க்கும். சரியாகவில்லை என்று சொன்னால் அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் போங்கள். அங்கே இரண்டு வகை உண்டு. மாதாமாதம் வரும் சிறிய அப்டேட்டுக்குப் பிறகு நின்றிருந்தால் குவாலிட்டி அப்டேட். பதிப்பே மாறிய பெரிய அப்கிரேட் என்றால் ஃபீச்சர் அப்டேட். இரண்டாவதை 10 நாளுக்குள் செய்ய வேண்டும். பழைய விண்டோஸை அதுவரைதான் டிஸ்கில் ஒதுக்கி வைத்திருக்கும், பிறகு தானே அழித்துவிடும். எங்கள் வீட்டுக் கதை இந்த இடத்தில்தான் முடிந்தது. முக்கால் மணி நேரத்தில் பழைய விண்டோஸ் 10 எழுந்து வந்தது.

10 நாள் தாண்டிவிட்டால் சேஃப் மோட், அதாவது விண்டோஸ் மிக அவசியமானவற்றோடு மட்டும் எழுந்து வரும் முறை. ஸ்டார்ட்அப் செட்டிங்ஸில் ரீஸ்டார்ட் கொடுத்து, பட்டியல் வந்ததும் 4-ஐ அழுத்துங்கள். பின் எண்ணை ஏற்காவிட்டால் கணக்கின் பாஸ்வேர்டைக் கொடுங்கள். உள்ளே வந்ததும் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே டிரைவரை ரோல் பேக் செய்யுங்கள், அதாவது முந்தைய பதிப்புக்குத் திருப்புங்கள். அந்த வசதி மங்கலாக இருந்தால் அன்இன்ஸ்டால். 2024 ஜூலை 19 அன்று ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட்டால் உலகம் முழுக்க ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றனவே, அப்போதும் பல இடங்களில் சேஃப் மோடில் புகுந்து பழுதான கோப்பை நீக்கித்தான் மீட்டார்கள்.

விண்டோஸை முந்தைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர் இருந்தால் அதையும் முயலலாம். ரீசெட் திஸ் பி.சி. அதற்கும் பிறகுதான், கீப் மை ஃபைல்ஸ் என்பதையே தேர்ந்தெடுங்கள். நீங்கள் போட்ட மென்பொருட்கள் போய்விடும்.

நீலத் திரையே வராவிட்டால்

நண்பரின் கணினியில் 8 ஜி.பி. அல்லது அதற்கு மேற்பட்ட காலி பென் டிரைவில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் விண்டோஸை ஏற்றுங்கள். பென் டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், கவனம். ஆன் ஆகும்போது டெல், லெனோவோவில் எஃப்12, எச்.பி.யில் எஃப்9, ஏசுஸில் எஸ்கேப் விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்கும். இன்ஸ்டால் பக்கம் போகாமல் ரிப்பேர் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

விண்டோஸுக்கு முன்பே திறக்கும் லேப்டாப்பின் அடிப்படை அமைப்பான பயாஸ் பக்கத்தில் டிஸ்கின் பெயரே இல்லை என்றால் டிஸ்க் கழன்றிருக்கலாம், பழுதாகியிருக்கலாம். அப்போதுதான் சென்னையில் கணினிக் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. அண்ணா சாலையை ஒட்டி இருக்கிறது, அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். கையில் கொடுக்கும்போதே "ஃபார்மேட் பண்ணாதீங்க, டேட்டா வேணும்" என்று சொல்லி, அதை ரசீதிலும் எழுதி வாங்குங்கள். நல்ல மெக்கானிக் டிஸ்கைக் கழற்றி யு.எஸ்.பி. கேஸில் போட்டு, வேறு கணினியில் இணைத்துக் கோப்பு தெரிகிறதா என்று உங்கள் கண் முன்னே காட்டுவார்.

பழைய பதிப்புக்குத் திரும்பியவர்களுக்கு இன்னொரு வேலை மிச்சம். விண்டோஸ் மறுபடி அப்கிரேடுக்குக் கூப்பிடும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பகுதிக்குப் போய் பாஸ் (Pause) கொடுங்கள், விண்டோஸ் 10-ல் அதிகபட்சம் 35 நாள் நிறுத்தி வைக்கலாம். அந்த இடைவெளியில் லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைப் போட்டு, விண்டோஸ் 11-க்கான டிஸ்ப்ளே டிரைவரை இறக்கி வையுங்கள். மாடி வீட்டுப் பெண் ப்ராஜெக்ட் ரிவ்யூ முடிந்த மறுநாள் அப்கிரேட் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். டிரைவரும் ரிப்போர்ட்டின் நகலும் இப்போதே அவள் பென் டிரைவில் இருக்கின்றன.